கட்பீஸ் மீராசா நீதிபதியான கதை

நான் நீதிபதி ஆவது என்று முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஐந்தேகால் மணிக்கு. அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயசு நாற்பத்தேழு. பாடம் என் மகள் மர்ஜானாவுடையது.

அவள் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு தலைப்பு, சீட்டுக் குலுக்கி எடுத்தது. ஒருத்திக்குத் தாஜ்மகால் வந்தது. ஒருத்திக்குப் பிரமிடு வந்தது. என் மகளுக்கு வந்தது, அமெரிக்காவின் எல்லைப்புற ஊர்களில் நீதிபதிகளை நியமித்த விதம். ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அவள் சொல்லிப் பார்க்க, நான் தாளை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். இரண்டாவது நிமிஷத்திலேயே நான் சரிபார்ப்பதை விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் அமெரிக்காவில் சனங்கள் மேற்கே, இன்னும் மேற்கே என்று காட்டை வெட்டிக் குடியேறிக்கொண்டே போனார்கள். கோர்ட்டு இருந்த பட்டணமோ பல நாள் பயணம். மாடு வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சோளத்தைத் தின்றுவிட்டால் அதற்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? அதனால் கவர்னர் அந்தந்த ஊரிலேயே ஒருத்தரைப் பிடித்து, இனி நீதான் நீதிபதி என்று சொல்லிவிடுவாராம். சில ஊரில் மளிகைக் கடைக்காரர். சில ஊரில் மாவு மில் வைத்திருப்பவர். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கோர்ட்டுக்குக் கட்டடம் வேண்டியதில்லை. கடையிலேயே விசாரிக்கலாம். சின்னச் சண்டைகளை எல்லாம் தீர்த்து வைக்கலாம். கல்யாணம்கூடப் பண்ணி வைக்கலாம்.

“அந்தப் பதவிக்குப் பேரு ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்” என்றாள் மர்ஜானா.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பீஸ் எனக்குப் புதுசா? மஸ்கட்டின் ரூவியில் இருபது வருசமாக நான் விற்பதே பீஸ்தான். சட்டை பீஸ், ப்ளவுஸ் பீஸ், கட்பீஸ். என் கடைக்கு வெளியே பெயர் மர்ஜானா டெக்ஸ்டைல்ஸ் என்று இருந்தாலும் இந்தத் தெருவில் என்னைக் கட்பீஸ் மீராசா என்று சொன்னால்தான் தெரியும்.

“அது சமாதானம், வாப்பா. துணி இல்ல” என்றாள் மகள்.

சமாதானமோ துணியோ, கடைக்காரனை நீதிபதியாக்கியிருக்கிறார்களா இல்லையா? நான் எழுந்து போய் அடுப்படியில் இருந்த என் மனைவி ருக்கையாவிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன். எனக்குள்ளே ஒரு நீதிபதி இத்தனை வருசமாகத் தூங்கிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

“நல்லாத் தூங்கட்டும். இருபது வருசமா நீங்க கிழிச்சது போதாதா மச்சான்?”

துணிக்கடைக்காரனைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்லலாமா? சொன்னாள்.

ஆனால் ஆண்டவன் என் பக்கம் இருந்தான். ஏனென்றால் அந்த வாரமே எங்கள் அர்பாப் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

அர்பாப் என்றால் முதலாளி. எங்கள் கட்டடம் அவருடையது. கீழே ஆறு கடை, மேலே இருபத்து நாலு வீடு. கேரளா, பாகிஸ்தான், இலங்கை, ஃபிலிப்பைன்ஸ், எல்லாம் உண்டு. நாங்கள் கீழக்கரை. எதிர்வீட்டு ரெங்கராஜ் காரைக்குடிப் பக்கம். சண்டைக்கும் குறைவில்லை. மூன்றாம் மாடி ஏசித் தண்ணீர் இரண்டாம் மாடித் துணியில் சொட்டும். ஒருத்தர் செருப்பு ஸ்டாண்டு இன்னொருத்தர் வாசலுக்கு நகரும். கருவாடு வறுத்தால் ஒரு சண்டை, சுவரில் ஆணி அடித்தால் ஒரு சண்டை. எல்லாரும் ஃபோன் பண்ணுவது அர்பாபுக்கு. அந்த வாரம் மட்டும் முப்பத்தோரு ஃபோன் போயிருக்கிறது. மனுஷர் ஹிந்தியும் அரபியும் கலந்து கொட்டித் தீர்த்திருந்தார். கலாஸ், போதும், இனிமேல் எனக்கு யாரும் ஃபோன் பண்ணக் கூடாது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு ஆளை நியமிக்கப் போகிறேன். சண்டை எல்லாம் அவரிடம். அவர் சொன்னதுதான் முடிவு. அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து வருகிறேன்.

கவர்னர் வருகிறார். நான் அந்த மெசேஜை ஏழு தரம் கேட்டேன்.

ஒரே ஒரு தடங்கல். வாட்ச்மேன் ஐயப்பன் என் கடைக்கு வந்து, எல்லாரும் ரெங்கராஜ் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று ரகசியம் சொன்னார். ரெங்கராஜ் என் பக்கத்துக் கடை. மொபைல் ரிப்பேர் செய்கிறான். கட்டடத்தில் இருக்கிற அத்தனை ஃபோனுக்கும் இலவசமாகக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்திருக்கிறான். நான் யாருக்காவது இலவசமாக ஒரு முழம் துணி கிழித்திருக்கிறேனா? இல்லை. தவிர, என்னைப் பற்றி ஒரு பேச்சும் இருந்ததாம். பாய் நியாயஸ்தர்தான், ஆனால் தன் வீடு என்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது. அன்றைக்கு மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு திட்டம் போட்டேன். அர்பாப் வரும்போது ஒரு வழக்கு நடக்க வேண்டும். வழக்கில் ஒரு கட்சி என் சொந்த மனைவியாக இருக்க வேண்டும். நான் விசாரித்து, அத்தனை பேர் முன்னாலும், என் மனைவிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எவன் என்ன பேச முடியும்? பொண்டாட்டியையே விடாதவன் என்று ரூவி முழுக்கப் பேர் பரவாதா?

ருக்கையாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பயமாக இருந்தது. அவளுக்கு என் மேல் ஏற்கெனவே ஒரு வருத்தம். இரண்டு வருசமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். ரவுண்டபவுட்டில் வண்டிகள் பறக்கும் என்பேன், வெயில் என்பேன், நான் எதற்கு இருக்கிறேன் என்பேன். உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இந்த ஊரில் லைசென்ஸுக்கு முன்னால் டிரம் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வரிசையாக டிரம் நிறுத்தியிருப்பார்கள், அதன் நடுவே வண்டியைப் பின்னால் விட வேண்டும். நான் நாலு தடவை டிரம்மைத் தட்டிவிட்டு ஐந்தாவது தடவை தேறியவன். இவள் முதல் தடவையே தேறிவிட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடுவது?

சரி. டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் மெதுவாகத் திட்டத்தைச் சொன்னேன். எதிர்வீட்டு சுஷ்மிதா, அதாவது ரெங்கராஜின் மனைவி, அவள்தான் எதிர்க்கட்சி. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கொடி யாருக்கு என்பது வழக்கு. ருக்கையா கொடியை விட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். நான் கொடியை சுஷ்மிதாவுக்குக் கொடுத்துவிடுவேன்.

ருக்கையா கோபப்படவில்லை. டீயைக் குடித்தாள். சுஷ்மிதாவிடம் தானே பேசிவிடுவதாகவும், ரெங்கராஜுக்கு இந்தப் பதவியில் ஆசையே இல்லை, விட்டால் போதும் என்று இருக்கிறான் என்றும் சொன்னாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அத்தனை பேர் முன்னாடி நான் தோத்து நிப்பேன். எனக்கு அது பரவாயில்ல. ஆனா கடைசி நேரத்துல மனசு இரங்கி எம் பக்கம் தீர்ப்புச் சொல்லிட மாட்டீங்களே?”

என் கண் கலங்கிவிட்டது. புருஷன் பெயருக்காகத் தன் மானத்தையே கொடுக்கிறாளே என்று நினைத்தேன். மாறவே மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா முடிந்து வந்ததும் கடையை ஒதுங்க வைத்தேன். துணி வெட்டுகிற மேஜைதான் நீதிபதி மேஜை. அதன் மேல் என் இரும்பு மீட்டர் கோல். அர்பாபுக்கு நல்ல நாற்காலி, பேரீச்சம்பழம், கஹ்வா காப்பி. வருகிற வழக்கை எழுதி வைக்க ஒரு நீள நோட்டு, அதைப் பிடித்துக்கொண்டு மர்ஜானா. நாலரைக்குள் கட்டடமே என் கடையில் இருந்தது. உட்கார இடமில்லாமல் துணிக்கட்டு மேலெல்லாம் ஆள். கதவுக்கு வெளியே ஃபிலிப்பினோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வெள்ளைச் சட்டையை மூன்று தரம் மாற்றியிருந்தேன்.

அர்பாப் வந்தார். வெள்ளை திஷ்தாஷா அங்கி, பூ வேலைத் தொப்பி, கையில் இரண்டு ஃபோன். ஐயப்பன் என் பெயரையும் ரெங்கராஜ் பெயரையும் சொன்னார். ரெங்கராஜ் எழுந்து, தனக்கு அரபி நன்றாக வரும், மொழிபெயர்க்க மட்டும் இருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து, பேசி வைத்தபடி, சுஷ்மிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தனக்கு ஒரு நியாயம் வேண்டும் என்றாள். யார் மேல் என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்காரி மேல் என்றாள். அர்பாப் இரண்டு ஃபோனையும் கீழே வைத்தார்.

நான் மீட்டர் கோலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன். இவ்வளவு இன்பமான சத்தத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

“பாய், ருக்கையா அக்கா எனக்கு ஒரு வாக்குக் குடுத்தாங்க” என்று ஆரம்பித்தாள் சுஷ்மிதா. நான் கொடி என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். “ரெண்டு பேரும் சேர்ந்து கார் ஓட்டக் கத்துக்கலாம்னு சொன்னாங்க. சொல்லிக் குடுக்குற அம்மா ரெண்டு பேராச் சேர்ந்து வந்தாத்தான் எடுத்துக்குவாங்க. நான் லைசென்ஸுக்கு ஃபைல் ஓப்பன் பண்ணிட்டேன். இப்ப அக்கா வர மாட்டேங்குறாங்க. குடுத்த வாக்கை மீறலாமா?”

கோல் வழுக்கியது. ருக்கையாவைப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்திருந்தது போலவே தலையைக் குனிந்து நின்றாள். அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லும்படி எப்படியோ கேட்டுவிட்டேன்.

“வாக்குக் குடுத்தது உண்மைதான். ஆனா என் மாப்பிள்ளைக்கு அது பிடிக்கல. குடுத்த வாக்கைவிட எனக்கு அவங்க மனசுதான் பெருசு.”

ரெங்கராஜ் இதை அரபியில் சொன்னான். ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். அர்பாப் என்னைப் பார்த்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. துணிக்கட்டு மேலிருந்து ஒரு குரல், பாய் இப்போ சம்சாரம் பக்கம்தான் பேசுவார், பாருங்கள் என்று முணுமுணுத்தது.

எனக்கு எதிரே இரண்டே வழி. மனைவிக்குச் சாதகமாகச் சொன்னால் பதவி போகும். மனைவிக்கு எதிராகச் சொன்னால் டிரம் டெஸ்ட் வரும். எனக்காக வாதாடுகிறவளை நானே தோற்கடிக்க வேண்டும். என் கட்சி தோற்பதற்கு நானே தீர்ப்பு எழுத வேண்டும். மர்ஜானா வேறு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். அவள் படித்த அந்த எல்லைப்புற நீதிபதிகளில் எவனுக்காவது இந்தக் கதி வந்திருக்குமா?

மேஜையைத் தட்டினேன். வாக்கு என்றால் வாக்குதான் என்றேன். குரல் எங்கிருந்தோ கணீரென்று வந்தது. ருக்கையா நாளை முதல் சுஷ்மிதாவோடு போக வேண்டும், லைசென்ஸ் கையில் வரும்வரை போக வேண்டும், புருஷன் உட்பட எந்தச் சாக்கும் செல்லாது என்றேன். என்னையே சாக்கு என்று நானே சொன்னேன்.

கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. அர்பாப் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். சொந்த வீட்டுக்கே எதிராகத் தீர்ப்புச் சொல்கிற ஆளை மஸ்கட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றார். அங்கேயே அவருடைய லெட்டர் தாளில் இரண்டு வரி எழுதி, அங்கிப் பையிலிருந்து சீல் எடுத்துக் குத்தி, என் கையில் கொடுத்தார். இந்தக் கட்டடத்தின் சமாதானத்துக்குத் துணிக்கடை மீராசா பொறுப்பு. ஐயப்பன் ஃபோட்டோ எடுத்தார். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் ருக்கையாவைப் பிடித்துக்கொண்டேன். கொடி வழக்கு எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“எனக்கு எதிரா தீர்ப்புச் சொல்றேன்னு சத்தியம் பண்ணினது நீங்க. எதைப் பத்தின வழக்குன்னு சத்தியத்துல வரல” என்றாள்.

பிறகு சிரித்துக்கொண்டே என் வெள்ளைச் சட்டையை மாட்டி வைத்தாள். பதவி கிடைத்த நாளில் சண்டை போடலாமா என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

அதற்கப்புறம் என் நாட்கள் பறந்தன. செருப்பு ஸ்டாண்டு வழக்கில் இரண்டு வீட்டுக்கும் நடுவே சாக்பீஸ் கோடு போட்டேன். ஏசித் தண்ணீருக்கு வாளி வைக்கச் சொன்னேன், அந்தத் தண்ணீரை ஐயப்பனின் துளசிச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். கருவாட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் குறித்தேன். பாகிஸ்தான்காரர் என்னைக் காஜி சாப், அதாவது நீதிபதி ஐயா, என்று கூப்பிட ஆரம்பித்தார். வழியில் பார்க்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். அத்தனையும் மர்ஜானா நோட்டில் வரி பிசகாமல் எழுதினாள். வரலாற்றுச் சங்கத்தில் அவளுக்கு முதல் பரிசும் கிடைத்தது. நான் அமெரிக்காவையே ரூவிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ருக்கையா டிரம் டெஸ்டுக்குப் போனாள். முதல் தடவையே தேறினாள். அந்த மாதமே ரோடு டெஸ்டும் தேறினாள். கட்டடம் முழுக்க அல்வா கொடுத்தது நான்தான். நீதிபதி முகத்தைத் தொங்கப்போட முடியுமா?

ஜூன் கடைசியில் சுஷ்மிதா மறுபடி என் மேஜை முன்னால் வந்து நின்றாள். மறுபடி என் வீட்டுக்காரி மேல் வழக்கு. தெற்கே சலாலாவில் மழைக்காலம் தொடங்கப் போகிறது, மலையெல்லாம் பச்சையாக இருக்கும், நாலு நாள் சேர்ந்து போகலாம் என்று ருக்கையா அக்கா சொல்லியிருந்தார்கள், இப்போது வர மாட்டேன் என்கிறார்கள். ருக்கையா வழக்கம்போலத் தலையைக் குனிந்து, புருஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஒரு தடவை விழுந்த குழியில் மறு தடவை விழ நான் என்ன முட்டாளா? இவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். வாக்கைக் காப்பாற்று, சுஷ்மிதாவோடு போ என்று சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள். இந்தத் தடவை தீர்ப்பைத் தலைகீழாகப் போடுகிறேன் பார்.

கோலால் தட்டினேன். ருக்கையா சுஷ்மிதாவோடு சலாலா போக வேண்டியதில்லை என்றேன். கூட்டம் திகைத்தது. அந்தத் திகைப்பு எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. அதனால் யாரும் கேட்காமலே இன்னொரு வரியும் சேர்த்தேன். ஒரு மனைவி ஊர் பார்க்கப் போவதாக இருந்தால் அவள் புருஷன்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ருக்கையா தலையை நிமிர்த்தினாள்.

“தீர்ப்புக்குக் கட்டுப்படுறேன். எப்ப போறோம் மச்சான்?”

எட்டு வருசமாகச் சலாலா கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். கடையை மூட முடியாது என்று எட்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தீர்ப்பை மாற்ற வழியில்லை. மர்ஜானா எழுதி முடித்திருந்தாள்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி காலையில் கடைக்கு நாலு நாள் விடுமுறை என்று எழுதி ஒட்டிவிட்டுத் தெருவில் இறங்கினேன். வண்டிக்குப் பக்கத்தில் பெட்டியோடு சுஷ்மிதா நின்றாள். அவளுக்குப் பின்னால், என்னைப் பார்க்காமல், ரெங்கராஜ் நின்றான். இது தீர்ப்புக்கு விரோதம் என்று நான் சொன்னேன். மர்ஜானா நோட்டைப் பிரித்தாள்.

“உம்மா சுஷ்மிதா ஆன்ட்டியோட போக வேண்டியதில்லைன்னுதான் இருக்கு, வாப்பா. ஆன்ட்டி நம்மளோட வரக் கூடாதுன்னு நீங்க சொல்லல.”

மஸ்கட்டிலிருந்து சலாலா ஆயிரம் கிலோமீட்டர். ருக்கையா ஓட்டினாள். சுஷ்மிதா முன் சீட்டில் இருந்து வழி சொன்னாள். பின் சீட்டில் ரெங்கராஜ் ஒரு ஜன்னல், மர்ஜானா ஒரு ஜன்னல், இடையில் முழங்காலை மடக்கிக்கொண்டு நான். நடுவர் என்றால் நடுவில்தானே உட்கார வேண்டும்.